அரை மில்லிமீட்டர் வெனீர் எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: ஊர் கடலூர். மகளுக்கு 25 வயது, தை மாதம் கல்யாணம். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது. அதில் ஒரு பல்லின் நுனி பள்ளிக்கூடத்தில் விழுந்தபோது உடைந்தது. ஒரு டாக்டர் அரை மி.மீ. கனத்தில் வெனீர் ஒட்டலாம் என்கிறார். இன்னொருவர், "அதெல்லாம் கழன்று விழும், சிர்கோனியா கேப் போட்டுக்கொள்ளுங்கள், வாரண்டியோடு வரும்" என்கிறார். இவ்வளவு மெல்லியது எப்படித் தாங்கும்? எது பலம்? எனக்கும் கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோயிருக்கின்றன. அதற்கும் இப்படி மெல்லிசாக ஒட்ட முடியுமா?

பதில்:

பல் கட்டும் பிரிவில் மேற்படிப்பு முடித்து புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். கடலூர், பண்ருட்டி பக்கத்திலிருந்து இதே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள், பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். தையில் முகூர்த்தம் இருக்குமே.

உங்களிடம் பேசிய இருவருமே பொய் சொல்லவில்லை. சிர்கோனியா என்கிற பீங்கான் வகை பலமான பொருள்தான். வெனீர் கழன்று விழுவதும் உண்டுதான். ஆனால் நீங்கள் விவரித்த மாதிரிப் பல்லுக்கு என் வரிசை வேறு: முதலில் காம்பசிட் (பல் நிறத்தில் நேரடியாக வைத்துக் கட்டும் ரெசின், அதாவது பிசின்), அது போதாவிட்டால் வெனீர் (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு), வேறு வழியே இல்லையென்றால்தான் கேப் (பல்லைச் சுற்றிலும் செதுக்கி மேலே மாட்டும் உறை). காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

முதலில் எண்கள். ஒரு பொருளைப் பட்டையாகச் செய்து, இரு முனையையும் தாங்கி, நடுவில் அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள். அது தாங்குகிற பலத்தை மெகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். பழைய ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் 60 முதல் 100 மெகாபாஸ்கலுக்குள் உடைந்துவிடும். லேபில் ஈ-மேக்ஸ் என்று சொல்கிற லித்தியம் டைசிலிகேட் 400 பக்கம் நிற்கும். கடைவாய்க்குப் போடும் சிர்கோனியா 900 முதல் 1200 வரை போகும். முன்பல்லுக்கு ஒளி ஊடுருவ வேண்டும் என்று செய்கிற சிர்கோனியாவில் அது ஏறத்தாழ பாதியாக இறங்கிவிடும், அந்த விவரத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் கேள்வியே இல்லை, சிர்கோனியாதான்.

இப்போது அதே பட்டியலில் நம் பல்லின் வெளி ஓடான எனாமலையும் சேர்த்துப் பாருங்கள். இழுத்தால் அது 10 முதல் 40 மெகாபாஸ்கலுக்குள் பிளந்துவிடுகிறது, எந்தத் திசையில் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து. மேலே சொன்ன எல்லாவற்றையும் விட நோஞ்சான். கனமும் அதிகமில்லை. மேல் முன்பல்லில் ஈறருகே 0.3 முதல் 0.5 மி.மீ., நடுவில் 0.6 முதல் 1 மி.மீ., நுனிக்குப் போனால் அதற்கும் மேல். இந்த மெல்லிய, தானாக நின்றால் சுலபமாக உடைகிற ஓடுதான் உங்கள் பாட்டி காலத்துப் பற்களில் எழுபது வருஷம் முறுக்கு கடித்தது. உள்ளே இருக்கிற டென்டின் என்ற மஞ்சள் அடுக்கோடு அது ஒன்றாகப் பிணைந்திருப்பதுதான் காரணம். ஆக, மெல்லிய ஓடு ஒன்று பல்லின் மேல் ஆயுள் முழுக்க நிற்க முடியுமா என்ற கேள்விக்கு, உங்கள் வாய்க்குள் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. வெனீர் அந்த ஏற்பாட்டைத்தான் திரும்பச் செய்துபார்க்கிறது.

லேபிலிருந்து வரும் வெனீரைச் சின்னப் பெட்டிக்குள் பஞ்சு மேல் வைத்து அனுப்புவார்கள். விரலால் எடுக்க மாட்டோம். பிசின் தடவிய குச்சியின் முனையில் ஒட்டித் தூக்குவோம். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் நிழலாகத் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு விரலுக்கிடையே வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் டப்பென்று உடைந்துவிடும். ஒட்டிய பிறகு அதே வெனீர் கடிவிசையைத் தாங்குகிறது. முன்பற்களில் வலுவாகக் கடித்தால் 100 முதல் 200 நியூட்டன் வரை விசை வரும். ஒட்டியதால் பீங்கான் மாறிவிடவில்லை. அது வளைவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பீங்கான் அழுத்தத்துக்கு அசையாது, இழுவிசைக்குத்தான் பிளக்கும். மேலிருந்து அழுத்தும்போது ஓடு வளைந்தால் அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது, அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றிலிருந்து விரிசல் கிளம்புகிறது. தனியாக நிற்கிற தகட்டின் தாங்குதிறன் கனத்தின் வர்க்கத்தோடு போகும்: கனம் பாதியானால் பலம் கால்வாசி. அடியில் இறுக்கமான தாங்கல் இருந்து, இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. வீட்டில் தரை ஓடு போடுகிற கொத்தனாரைக் கேளுங்கள். அடியில் கலவை முழுக்கப் பரவிய ஓட்டின் மேல் அம்மிக்கல்லை இறக்கினாலும் நிற்கும். தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வருகிற ஓடு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், ஒரு நாள் குறுக்கே வெடிக்கும்.

அடியில் இருப்பது எவ்வளவு இறுக்கமானது என்பதும் முக்கியம். எனாமலின் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் குணம், ஏறத்தாழ 80 ஜிகாபாஸ்கல். ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் 65, 70 என்று அதற்குப் பக்கத்திலேயே வருகிறது. டென்டின் 18 பக்கம்தான். அதனால் எனாமல் மேல் ஒட்டிய பீங்கான் தன்னைப் போன்ற ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டென்டின் மேல் ஒட்டினால் அடியில் இருப்பது நெகிழ்ந்துகொடுக்கிறது, மேலே இருக்கிற பீங்கானால் நெகிழ முடிவதில்லை. நடுவே ஒட்டுப்பசையாக இருக்கிற ரெசின் சிமென்ட் இரண்டையும் விட மென்மையானது, ஆகவே அது எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பீங்கானின் கனம் சிமென்ட் கனத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். 0.3 மி.மீ. வெனீர் என்றால் அடியில் 0.1 மி.மீ.க்கு மேல் சிமென்ட் நிற்கக் கூடாது. "கான்டாக்ட் லென்ஸ் வெனீர்" என்று ஆசைகாட்டி விற்பதில் பாதி, லேப் டெக்னீஷியனின் கையில் இருக்கிறது. பொருத்தம் சரியில்லாத ஓட்டை சிமென்ட் போட்டு நிரப்பி ஒட்டினால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும்.

ஒட்டுகிற வித்தை எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்கு மெல்லிய முகப்புகள் செய்துகொடுத்தார். பல்செட்டுக்குப் போடும் ஒட்டுப்பொடியால் ஒட்டியவை அவை, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். நிரந்தரமாக ஒட்ட வழி இல்லை. 1955இல் மைக்கேல் புவனோகோர், எனாமலின் மேல் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 வினாடி வைத்துக் கழுவினால் அக்ரிலிக் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். உலோகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் அமிலத்தால் பதப்படுத்துகிற தொழிற்சாலை வழக்கத்திலிருந்து எடுத்த யோசனை அது. 1960களின் தொடக்கத்தில் போவன் கண்டுபிடித்த ரெசின் வந்தது. இன்றைய காம்பசிட்டுக்கெல்லாம் அதுதான் மூலம். 1983இல் சைமன்சனும் கலாமியாவும் பீங்கானின் உள்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்று காட்டினார்கள். பல் ஒரு பக்கம், பீங்கான் ஒரு பக்கம், இரண்டிலும் நுண்ணிய பள்ளங்கள், நடுவில் இரண்டையும் கவ்விக்கொண்டு இறுகுகிற ரெசின். அன்றிலிருந்து இன்று வரை அடிப்படை அதுவேதான்.

ஒட்டுகிற நாளில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஆயுளில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்தில் தீர்மானமாகிறது. பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் திரையைக் கட்டி, எச்சிலும் மூச்சின் ஈரமும் படாமல் ஒதுக்குவோம். 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல், பொதுவாக நீல நிறம், எனாமல் மேல் 15 முதல் 30 வினாடி. கழுவிக் காற்றடித்தால் பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாக மங்கித் தெரியும். அப்படித் தெரியாத இடத்தில் ஒட்டு பிடிக்காது, திரும்ப வைக்க வேண்டும். மறுபக்கம் வெனீரின் உள்பக்கத்துக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5 சதவீதத்தில் 20 வினாடி போதும், ஃபெல்ட்ஸ்பாருக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அதிகமாக வைத்தாலும் கெடுதல்தான், பீங்கானே பலவீனமாகிவிடும். அப்புறம் சைலேன். அதன் ஒரு கை கண்ணாடியைப் பிடிக்கும், மறு கை ரெசினைப் பிடிக்கும். கடைசியில் சிமென்ட், நீல விளக்கு.

இந்தச் சங்கிலியில் எச்சில் ஒரு சொட்டு நடுவில் புகுந்தால் போதும். அமிலம் வைத்துத் திறந்த பள்ளங்களைப் புரதம் மூடிவிடும். ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் இன்னும் மோசம். அதனால்தான் ஈறு வீங்கியிருந்தால், கல்யாணத் தேதியைக் காட்டி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஸ்கேலிங் செய்து ஈறு ஆறும்வரை ஒட்டாதே என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் ஆட்டோ காத்திருக்கிற அவசரத்தில் செய்கிற வேலை இல்லை இது.

டென்டின் மேல் ஒட்டுவது வேறு கதை. எனாமல் எடைக்கணக்கில் 96 சதவீதம் தாதுப்பொருள், அதைக் காயவைக்க முடியும். டென்டினில் தாது 70 சதவீதம்தான். மீதி கொலாஜன், தண்ணீர். உள்ளே ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் வழியாக ஈரம் வந்துகொண்டே இருக்கும். 1982இல் ஜப்பானில் நகபயாஷி, கொலாஜன் வலைக்குள் ரெசின் ஊடுருவி ஒரு கலப்படலமாக மாறுவதைக் காட்டிய பிறகுதான் டென்டினில் ஒட்டுவதே நம்பிக்கைக்குரியதாக ஆனது. முதல் நாள் பலம் நன்றாகவே இருக்கும். ஆனால் ரெசின் முழுக்கப் போய்ச் சேராத கொலாஜன் நாரை, பல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற நொதிகளே மெல்ல அரித்துவிடுகின்றன. தண்ணீர் புகுந்து ரெசினையும் தளர்த்துகிறது. எனாமல் ஒட்டு பத்து வருஷத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே நிற்கும்போது டென்டின் ஒட்டு தேய்ந்துகொண்டு வருவது இதனால்தான்.

இஸ்தான்புல்லில் காலிப் குரேல் தன் நோயாளிகளின் வெனீர்களை 12 வருஷம் வரை பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. எனாமலுக்குள்ளேயே நின்ற வெனீர்கள் கிட்டத்தட்ட எல்லாமே தாங்கின. டென்டின் மேல் ஒட்டியவை தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. பீங்கானும் ஒட்டும் முறையும் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இந்தப் பத்து மடங்கை அவை ஈடுகட்டாது. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது: "என்ன பொருள்?" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு ராவுவீர்கள், ராவிய பிறகு எனாமல் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். மெழுகில் மாதிரி செய்து வாயில் வைத்துக் காட்டி, அதன் மேலிருந்து அளந்து ராவுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. பல்லின் மேல் நேரடியாக அரை மி.மீ. ராவுவதும், வரப்போகிற வடிவத்திலிருந்து அரை மி.மீ. ராவுவதும் ஒன்றல்ல. தேய்ந்த பல்லிலும் உள்ளடங்கிய பல்லிலும் இந்த இரண்டாவது முறையில் பல்லைத் தொடவே வேண்டியிருக்காது.

இப்போது கேப். எடெல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002இல் ராவி எடுக்கிற பல்லை எடைபோட்டுப் பார்த்தார்கள். வெனீருக்கு வெளியே தெரிகிற பல்பகுதியில் 3 முதல் 30 சதவீதம் போகிறது. முன்பல்லில் முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு! அந்தப் பல்லில் எனாமல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கேப் நிற்பது ஒட்டினால் அல்ல, சுற்றிலும் செதுக்கிய வடிவத்தின் பிடியால். சிர்கோனியாவுக்கு அது வசதி, ஏனென்றால் அதில் கண்ணாடி இல்லை, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதை அரிக்காது. அலுமினா மணலைக் குறைந்த அழுத்தத்தில் ஊதிச் சொரசொரப்பாக்கி, எம்.டி.பி. என்ற பாஸ்பேட் மூலக்கூறு உள்ள பிரைமர் போட்டால் நன்றாகவே ஒட்டும். ஆனால் வாயில் வைத்துப் பார்க்கும்போது எச்சிலின் பாஸ்பேட் அதில் ஏறி உட்கார்ந்துவிடும், அதைச் சுத்தம் செய்யாமல் பிரைமர் போட்டால் பயனில்லை. முறையாகச் செய்தால் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஜெர்மனியின் கீல் நகரில் மத்தியாஸ் கெர்ன் குழுவினர் செய்த வேலை சாட்சி. இல்லாத முன்பல்லுக்குப் பதிலாக ஒரு சிர்கோனியா பல்லை, பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒற்றை இறக்கையால் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டார்கள். 10 வருஷத்தில் 98 சதவீதம் நின்றன. ராவியது பெயருக்குத்தான்.

ஆகவே சிர்கோனியா மேல் எனக்கு வருத்தமில்லை. முழுப் பல்லைச் செதுக்கி அதைப் போடுவதில்தான் வருத்தம். 1000 மெகாபாஸ்கல் கேப் உடையாது, சரி. அடியில் பென்சில் போல் ஆகிவிட்ட பல் உடையலாம், உள்ளே இருக்கிற நரம்பு சில வருஷம் கழித்துச் செத்து ரூட் கெனால் வரை போகலாம். வெனீர் தோற்றால் பெரும்பாலும் வெனீர்தான் போகும், இன்னொன்று செய்து ஒட்டலாம். கேப் தோற்றால் பல் போகலாம். 25 வயதுப் பெண்ணுக்கு இன்னும் ஐம்பது வருஷம் அந்தப் பல் வேண்டும். வாரண்டி அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அது லேப் செய்துகொடுத்த துண்டுக்கு, உங்கள் மகளின் பல்லுக்கு அல்ல. ஏற்கெனவே ரூட் கெனால் செய்து நிறம் கறுத்துப்போன பல், பாதிக்கு மேல் சொத்தை எடுத்துச் சிமென்ட் வைத்த பல், இதற்கெல்லாம் கேப் போடுவது நியாயம். உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

வருஷக்கணக்கு கேட்டீர்கள். பீங்கான் வெனீர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை 90 சதவீதத்துக்கு மேல் நின்றதாகச் சொல்கின்றன. இருபது வருஷம் பார்த்த ஆய்வுகளில் 80 முதல் 90 பக்கம் வருகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற இடங்களில், தேர்ந்தெடுத்த ஆட்களுக்குச் செய்தது அவை, அதை மறக்க வேண்டாம். தோற்பவற்றில் முழுதாகக் கழன்று விழுவதை விட ஓரம் பெயர்வதும் விரிசல் விடுவதும்தான் அதிகம். விளிம்பில் பழுப்புக் கோடு விழுவது தோல்வி இல்லை, ஆனால் சிரிக்கும்போது கண்ணில் படும். காபியும் வெற்றிலையும் அதற்கு உதவி.

ஆயுளைக் குறைப்பதில் முதல் குற்றவாளி இரவில் பல்லைக் கடிப்பது. அந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு வெனீர் உடையும் வாய்ப்பு பல மடங்கு. மகளோடு ஒரே அறையில் படுப்பவர்களைக் கேளுங்கள், நறநறவென்று சத்தம் வருகிறதா என்று. இருந்தால் வெனீரோடு சேர்த்து நைட் கார்டு என்ற, இரவில் பல்லின் மேல் போடும் உறையும் வேண்டும், அதை டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தால் போதாது, போட வேண்டும். இன்னொன்று, முன்பல்லைக் கருவியாகப் பயன்படுத்துவது. தையல் வேலை செய்பவர்கள் நூலை அறுப்பார்கள், எலெக்ட்ரீஷியன்கள் ஒயரை உரிப்பார்கள். தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிற ஒருவருக்கு மேல் முன்பல் நுனியில் நைலான் நூல் ஓடிய தடம் அப்படியே பள்ளமாக விழுந்திருந்தது. பல்லால் அறுக்காதீர்கள் என்றேன். "ஒரு கையில வல, ஒரு கையில ஊசி. கத்திரிய எந்தக் கையில பிடிக்கிறது டாக்டர்?" என்றார். அவருக்கு வெனீர் வேண்டாம் என்று சொல்லி, உடைந்தால் அரை மணியில் திரும்ப வைக்கக்கூடிய காம்பசிட் போட்டோம்.

சாப்பாட்டில் நான் தடை போடுவது மிகக் குறைவு. முறுக்கு, சீடை எல்லாம் பக்கப்பல்லால் உடைத்து மெல்லட்டும். பொங்கலுக்கு நம் பக்கத்துப் பன்னீர்க் கரும்பு வாசலில் வந்து நிற்கும்போதுதான் எங்களுக்கு வேலை கூடும். கரும்பை முன்பல்லில் கவ்வி உரிப்பது அழுத்துகிற விசை இல்லை, நெம்புகிற விசை. வெனீரின் நுனிக்கு ஆகாதது அதுதான். துண்டு போட்டுக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். கல்யாணம் முடிந்த முதல் பொங்கல் மாமியார் வீட்டில் என்றால் இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது: சில கிளினிக்குகளில் சொத்தை வராமலிருக்க வைக்கிற அமிலத் தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல், பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும். எங்கே ஸ்கேலிங்குக்குப் போனாலும் வெனீர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அமிலமில்லாத சோடியம் ஃபுளோரைடு இருக்கிறது, அதை வைப்பார்கள்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். சின்ன இடைவெளி, ஒரு உடைந்த நுனி. பல் நிறம் நன்றாக இருந்தால் இரண்டு பல்லிலும் காம்பசிட்டைக் கூட்டிவைத்து இடைவெளியை மூடி, நுனியையும் கட்டிவிடலாம். ராவுவது ஏறக்குறைய இல்லை, முழுக்க எனாமல் மேல் ஒட்டு, ஒரே நாள் வேலை. பீங்கானைப் போல் பளபளப்பு நிற்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷ் செய்ய வேண்டும், ஓரம் பெயர்ந்தால் ஒட்டுப்போட வேண்டும். நான் இதைக் குறையாக நினைக்கவில்லை, 25 வயதில் திரும்பப் போக முடிகிற வழி இது. முப்பத்தைந்தில் அலுத்துவிட்டால் அப்போது வெனீர் போட்டுக்கொள்ளலாம், அடியில் எனாமல் அப்படியே இருக்கும். நான்கைந்து பற்களின் வடிவத்தையே மாற்ற ஆசைப்படுகிறாள், அல்லது காம்பசிட்டால் மறைக்க முடியாத கறை இருக்கிறது என்றால் வெனீர் சரியான தேர்வு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்து ஃபுளோரைடு கறை இருப்பவர்களுக்கு எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்குச் சுலபத்தில் மசியாது, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் வித்தியாசம். இடைவெளி அகலமாக இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன் கம்பி கட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். தைக்குள் முடியாது, ஆனால் பல் கிளிப்பை மாப்பிள்ளை பார்த்தால் என்ன என்று கேட்கிற காலமும் போய்விட்டது.

பல்லை வெளுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். ப்ளீச்சிங் செய்த பல்லுக்குள் ஆக்சிஜன் தங்கியிருக்கும், அது ரெசினை இறுகவிடாது. இரண்டு வாரம் கழித்தே ஒட்ட வேண்டும், நிறமும் அதற்குள் நிலைப்படும். ஒட்டியபின் கடி சரிபார்க்க ஒரு நடை, நைட் கார்டு என்றால் இன்னொன்று. பின்னோக்கி எண்ணினால் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது தொடங்குவது நல்லது. கட்டணம் யோசனையாக இருந்தால் புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் கூடுதலாகும், ரப்பர் டேம் கட்டாமல் விடமாட்டார்கள்.

உங்கள் கடைவாய்ப் பற்கள். முடியும், ஆனால் கணக்கு வேறு. அங்கே விசை 500, 700 நியூட்டன் வரை போகும், தேய்ந்த பல்லின் நடுவில் எனாமல் போய் மஞ்சளாக டென்டின் தெரியும். சுற்றுவிளிம்பில் எனாமல் வளையம் மிஞ்சியிருந்தால் நல்ல சகுனம், ஒட்டின் உயிர் அந்த வளையத்தில்தான். நடுவில் திறந்திருக்கிற டென்டினை, ராவிய அன்றைக்கே, அளவெடுப்பதற்கு முன்பே, ரெசின் பூசி மூடிவிடுவது இப்போதைய நல்ல வழக்கம். பாஸ்கல் மான்யே போன்றவர்கள் இதை வலியுறுத்தி வந்திருக்கிறார்கள். மேலே லித்தியம் டைசிலிகேட் 1 முதல் 1.5 மி.மீ. போதும், பழைய முறை கேப்புக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. சுற்றிலும் வெட்ட வேண்டியிருந்த இடத்தில். அதைவிட மெல்லிசு, 0.6 மி.மீ. என்று போனால், மான்யே குழுவின் ஆய்வகச் சோதனைகளில் பீங்கானை விட இயந்திரத்தில் வெட்டிய ரெசின் துண்டுகளே விரிசலில்லாமல் அதிகம் தாங்கின. மெகாபாஸ்கல் பட்டியலில் அந்த ரெசின் பீங்கானுக்குக் கீழே இருக்கிறது! நெகிழ்ந்து கொடுக்கிறது, அதனால் தப்பிக்கிறது. ஆனால் தேய்மானமும் அதற்கு அதிகம்.

இதையெல்லாம் விட முன்னால் தெரியவேண்டியது பல் ஏன் தேய்ந்தது என்பது. இரவில் கடிப்பதாலா, நெஞ்செரிச்சலோடு ஏறிவரும் அமிலத்தாலா, தினம் குடிக்கிற எலுமிச்சைச் சாற்றாலா? அமிலத் தேய்வு என்றால் பல்லின் மேல் கிண்ணம் போல் பள்ளம் விழுந்திருக்கும், பழைய சிமென்ட் மட்டும் திட்டாகத் துருத்தி நிற்கும். கடித்துத் தேய்ந்தது என்றால் மேல்பல்லும் கீழ்பல்லும் கண்ணாடி போல் வழவழப்பாக ஒன்றோடொன்று பொருந்தும். காரணத்தை நிறுத்தாமல் மேலே எதை ஒட்டினாலும் சுற்றியுள்ள பல் கரைந்து ஒட்டிய துண்டு மட்டும் மிஞ்சும். உங்கள் பல்லுக்கு அவசரமில்லை. கல்யாண அலைச்சல் முடிந்து மாசியில் போய்க் காட்டுங்கள். அதுவரை எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் துலக்குவதை மட்டும் நிறுத்துங்கள், வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது விட்டுத் துலக்குங்கள்.